தாக்குதல் என்ற சொல்லுக்கு முப்பத்தொரு சீட்டுகள்

நான் ஒரு முட்டாள். அடக்கத்துக்காகச் சொல்வதாக யாரும் நினைத்துவிட வேண்டாம். அடக்கம் என்னிடம் கிடையாது, ஆதாரம் இருக்கிறது. அடிக்கிற புருஷனிடமிருந்து தப்பித்து ஒளிந்திருந்த ஒரு பெண்ணின் முகவரியை, அந்தப் புருஷனையே நாற்காலியில் உட்கார வைத்து, கீழேயிருந்து காபி வரவழைத்துக் கொடுத்து, என் கையாலேயே எடுத்துக் காட்டியவன் நான். மிரட்டி வாங்கவில்லை. ஏமாற்றிக்கூட வாங்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். நானாகப் பெருமையோடு காட்டினேன். உள்ளங்கை அகலத்தில் ஒரு வெள்ளைச் சீட்டு. மேலே ‘தாக்குதல்’ என்று தலைச்சொல், நடுவில் ஒரு வாக்கியம், கீழே சொன்னவர் பெயர், ஆதம்பாக்கத்து முகவரி, பின்கோடு உட்பட. எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை. பிழை முழுவதும் என்னிடம் இருந்தது.

மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்புறம் ஒரு சந்து. கீழே பாத்திரக்கடை, மாடியில் நாங்கள். ஒரே தமிழ்ச் சொல் பல துறைகளில் எப்படியெல்லாம் புழங்குகிறது என்று காட்டும் அகராதி ஒன்றை மூன்று பேராகச் சேர்ந்து உருவாக்கிக்கொண்டிருந்தோம். தாவரவியல் பேராசிரியராக இருந்து ஓய்வுபெற்ற மேடம். கணினியில் ஏற்றுகிற அக்கா. ஊர் சுற்றி வாக்கியம் பொறுக்கி வருகிற நான். தொடக்கத்தில் எல்லாம் கணினியில்தான் இருந்தது. ஒரு திங்கட்கிழமை காலையில் திறந்தால் ஒரு கோப்பும் திறக்கவில்லை. பழுது பார்க்க வந்தவர் திரையைப் பார்த்து, “வைரஸ் அட்டாக் மேடம், உள்ள இருக்கறது எல்லாம் போச்சு” என்று சொல்லிவிட்டு பிஸ்கட் சாப்பிட்டார். இரண்டு வருட உழைப்பு. மேடம் அழவில்லை. ஸ்டேஷனரி கடைக்கு ஆளனுப்பி வெள்ளைச் சீட்டு கட்டுக்கட்டாக வாங்கினார். இனி எந்த வாக்கியமும் முதலில் சீட்டில் ஏறும், பிறகுதான் கணினி. சீட்டுக்கு ஒரு விதியும் வைத்தார். வாக்கியத்தைச் சொன்னவரின் பெயரும் முழு முகவரியும் கட்டாயம். “ஆள் இல்லாத வாக்கியம் எனக்கு வேண்டாம். நாளைக்கு ஒருத்தர் சந்தேகப்பட்டா நேரா அவா ஆத்துக்கே போய்க் கேட்டுக்கலாம், இல்லையா?” என்பார்.

புதிதாகத் தொடங்கும்போது முதலில் எடுத்த சொற்களில் ஒன்று ‘தாக்குதல்’. காரணம் சொல்லத் தேவையில்லை, காயம் ஆறியிருக்கவில்லை. என்னை அழைத்து, “எத்தனை துறையில இந்த வார்த்தை பொழங்கறதோ, அத்தனையும் வேணும். அட்டாக்னு சொன்னாலும் எழுதிண்டு வா. ஜனங்க அப்படித்தான் பேசறா” என்றார்.

அந்த ஆறு வாரத்தில் நான் வாங்கிய அடிகளைத் தனி அகராதியாகப் போடலாம். அடையாறில் நாய் பிடிக்கிறவர் ஒருவரிடம் “நாய் தாக்குமுன் என்ன செய்யும்?” என்று கேட்டேன். “ஓடறவனைப் பாக்கும் சார்” என்றார். அந்த நேரத்தில் நான் ஏன் ஓடினேன் என்று இன்றும் விளங்கவில்லை. தொடையில் நாலு பல், தொப்புளைச் சுற்றி இப்போதெல்லாம் போடுவதில்லையாம், கையில் ஊசிகள். மந்தைவெளியில் மாடிக்கூடம் ஒன்றில் குத்துச்சண்டை கற்றுக்கொடுக்கிற மாஸ்டர், “பாடி அட்டாக்னா வாயால சொன்னா வெளங்காது” என்று செயல்முறையாக விளக்கினார். வாக்கியத்தை நான் தரையில் படுத்தபடி எழுதினேன். வாலிபால் ஆடுகிற கல்லூரிப் பெண்ணிடம் அட்டாக் என்றால் என்ன என்று வலைக்கு நேர் எதிரே நின்று கேட்டது என் தப்புத்தான். என் மூக்கு அதன்பிறகு சற்றே அடையாறு பக்கம் பார்த்திருக்கிறது.

அடிபடாமல் கிடைத்தவையும் உண்டு. இதய மருத்துவர் ஒருவரின் கிளினிக்கில் டோக்கன் கொடுக்கிற அம்மா, “இங்க அட்டாக் யாரும் பண்ண மாட்டாங்க தம்பி, அது வரும்” என்றார். விருந்தாளியைப் போல. மூத்தவன், இளையவன் என்று பிள்ளைகளைச் சொல்வதுபோல முதல் அட்டாக், ரெண்டாவது அட்டாக் என்று எண்ணவும் செய்கிறார்கள். செம்பருத்திக்கு வெள்ளை ஈ, புத்தகத்துக்குக் கரையான், இரும்புக்கு உப்புக்காற்று. பேச்சாளர் எதிர்க்கட்சியைத் தாக்கிப் பேசினால் யாருக்கும் ரத்தம் வருவதில்லை, கைதட்டல்தான் வருகிறது. ஒலிப்பதிவுக் கூடத்துக்காரர் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது: மிருதங்கத்தில் விரல் பட்டு ஒலி கிளம்புகிற அந்த முதல் நொடிக்கு அவர்கள் தொழிலில் அட்டாக் என்று பெயராம். சதுரங்கம் சொல்லித்தரும் ஆசிரியை ஒருவர் சொன்னதுதான் என்னை நிறுத்தியது. “தாக்கறதுன்னா காயை வெட்டறது இல்லை சார். எப்ப வேணும்னாலும் வெட்டுவேன்னு தெரியற இடத்துல போய் நிக்கறது. வெட்டவே வேண்டாம். எதிராளி ஆட்டம் முழுக்க அதையே பாத்துட்டிருப்பான்.”

அந்தச் சீட்டைக் கணினியில் ஏற்றும்போது அக்காவின் கை ஒரு கணம் நின்றது. “இந்தப் பொண்ணுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?” என்று கேட்டார். தெரியாது என்றேன். “வெவரமாத்தான் சொல்லிக்கீது” என்று சொல்லிவிட்டு மறுபடி தட்டத் தொடங்கினார்.

அக்கா ஆற்றோரத்துக் குடிசைப் பகுதியில் பிறந்தவர். அதைப் பெயர்த்து ஊருக்கு வெளியே அடுக்குமாடிகளில் கொண்டுபோய் வைத்தபோது அவரும் போனார். தினமும் இரண்டு பேருந்து மாறி மயிலாப்பூர் வருவார். பத்து விரலும் அடிக்கும்போது அந்த அறையில் மழை பெய்கிற மாதிரி இருக்கும். என்னைவிட ஆறேழு வயது மூத்தவர். என்னை மரியாதையாக ‘நைனா’ என்பார். கோபம் வந்தால் இன்னும் மரியாதையாக ‘சார்’ என்பார். நான் கொண்டுவருகிற ஒவ்வொரு சீட்டுக்கும் ஒரு தீர்ப்பு வைத்திருப்பார். நாய் கடித்த கதையைச் சொன்னபோது, “அந்த நாய்க்கு ஊசி போட்டாங்களா நைனா? உன்னைக் கடிச்சுக்கீது, பாவம்” என்றார். எங்களுக்குள் போட்டி: யார் யாரை அதிகம் கிண்டல் செய்வது. அந்தப் போட்டியில்தான் நான் இன்று நினைத்தாலும் நாக்கைக் கடித்துக்கொள்கிற காரியங்களைச் செய்தேன்.

அக்கா மாதத்துக்கு ஒருமுறையாவது காயத்தோடு வருவார். புருவத்தில் பிளாஸ்திரி, மணிக்கட்டில் துணிக்கட்டு, ஒருமுறை காது வீங்கி. கேட்டால் பஸ் படி என்பார், குழாயடி என்பார். நானும் உற்சாகமாக, “அந்த பஸ்ஸை ஒருநாள் எனக்குக் காட்டுங்கக்கா, அட்டாக் பத்தி ஒரு சீட்டு வாங்கிடறேன்” என்பேன். அக்கா சிரிப்பார். அவர் சிரித்ததால் நல்ல ஜோக் என்று நினைத்தேன். மேடம் மட்டும் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்ப்பார். தொட்டிச் செம்பருத்தியில் ஒட்டியிருக்கும் வெள்ளை ஈயைப் பார்ப்பார் அல்லவா, அந்தப் பார்வை.

ஒரு நாள் அக்கா வரவில்லை. மறுநாளும் வரவில்லை. மூன்றாம் நாள் மேடம் கதவைச் சாத்திவிட்டு எனக்கு விவரம் சொன்னார். அக்கா புருஷனை விட்டுவிட்டு வந்துவிட்டார். ஆதம்பாக்கத்தில் ஒரு தோழியின் மாடி அறையில் இருக்கிறார். இந்த ஆபீஸ் எங்கே இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும் என்பதால் இங்கே வரமாட்டார்; கணினியை அங்கே கொண்டுபோய் வைத்தாயிற்று; வாரம் இரண்டு தடவை சீட்டுக் கட்டை நான் ஸ்கூட்டரில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். “அவன் கொன்னே போட்டுடுவேன்னு சொல்லியிருக்கான். அவ எங்க இருக்கான்னு உனக்கும் எனக்கும்தான் தெரியும். வாயத் திறக்கப்படாது” என்றார். நான் வாயைத் திறக்கவே இல்லை. வாயால் யாரிடமும் சொல்லவில்லை என்பதை இன்றும் சத்தியம் செய்வேன். அதுதான் இதில் வேடிக்கை.

ஆதம்பாக்கத்து மாடியில் அக்கா வேறு மாதிரி இருந்தார். காயங்கள் மஞ்சளாகி மறைந்துகொண்டிருந்தன. யு.பி.எஸ். பெட்டியின் மேல் ஒரு மணிபிளான்ட் வைத்திருந்தார். மூன்றாவது தடவை போனபோது, கட்டோடு கட்டாகத் தானே எழுதிய ஒரு சீட்டையும் நீட்டினார். துறை: குடும்பம். வாக்கியம்: ‘சோறு குழைந்தாலும் அடி, விறைத்தாலும் அடி.’

நான் என்ன செய்திருக்க வேண்டும்? என்ன செய்தேன் தெரியுமா? “அக்கா, தலைச்சொல் வாக்கியத்துல இல்லையே. தாக்குதல்னு வரணும்” என்று திருப்பிக் கொடுத்தேன்.

அக்கா சீட்டைத் திருப்பி வாங்கிக்கொண்டார். “வூட்ல யாரு நைனா தாக்குதல்ன்றாங்க? அது பேப்பர்ல. வூட்ல அடிதான்” என்றார். பிறகு என்ன தோன்றியதோ, வேறொரு சீட்டை எடுத்து எழுதினார். ‘வீட்டுக்குள் நடப்பதைத் தாக்குதல் என்று ஸ்டேஷனில் எழுத மாட்டான், குடும்பத் தகராறு என்று எழுதுவான்.’ எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஆறு வாரம் அலைந்து அடிபட்டு நான் சேர்த்த முப்பது சீட்டிலும் இப்படி ஒன்று இல்லை. கீழே பெயர் மட்டும் இருந்தது. “முகவரி?” என்றேன்.

“இன்னாத்துக்கு?”

“விதி அக்கா. அட்ரஸ் இல்லாட்டி சீட்டு செல்லாது.”

“பழைய வூட்டு அட்ரஸ் போட்டுக்க.”

“நீங்க அங்க இல்லையே. தப்பான தகவல் ஆயிடும்.”

“உன்னோட பேஜாராப் போச்சு” என்று பேனாவைப் பிடுங்கி எழுதிக் கொடுத்தார். முப்பத்தோராவது சீட்டு. மற்றவற்றோடு அகர வரிசையில், அலுவலகத்து இரும்புப் பீரோவின் இழுப்பறையில் வைத்தேன். பீரோவுக்குப் பூட்டு உண்டு. சாவி பீரோவிலேயே தொங்கும்.

ஆடித் தள்ளுபடி தொடங்கியது. தி. நகரில் கூட்டம் மோதுகிற ஒரு துணிக்கடைக்கு, விற்பனைத் துறையில் இந்தச் சொல் புழங்குகிறதா என்று பார்க்கப் போனேன். புடவைப் பிரிவு சூப்பர்வைசர் ஒருவர் என்னைத் தனியாக அழைத்துப் போய் ஸ்டூல் போட்டு உட்கார வைத்தார். நாற்பது வயது இருக்கும். இஸ்திரி கலையாத சட்டை, மெல்லிய குரல், பேச்சுக்குப் பேச்சு ‘சார்’. “காலையில ஷட்டர் தூக்கற பத்து நிமிஷத்துக்கு நாங்க அட்டாக்னுதான் சொல்லுவோம் சார். கவுண்டர்ல கைய வெச்சா கை போயிரும்” என்றார். பேசிக்கொண்டே ஒரு பட்டுப்புடவையை மடித்தார். கரையும் கரையும் ஒரு நூல் விலகாமல் பொருந்தின. எந்த ஆபீஸ் என்று கேட்டார். சொன்னேன். “மயிலாப்பூர்ல, பாத்திரக்கடை மாடியில இருக்கே, அதுவா சார்?” என்றார். எங்கள் புகழ் தி. நகர் வரை வந்துவிட்டதே என்று எனக்கு உச்சி குளிர்ந்தது. “வியாழக்கிழமை எனக்கு ஆஃப் சார். நானே நேர்ல வந்து எழுதித் தரட்டுமா?” என்றார். ஆறு வாரத்தில் ஒருவர்கூட அப்படிக் கேட்டதில்லை. எல்லோரும் அடித்துத்தான் அனுப்பியிருந்தார்கள்.

வியாழக்கிழமை மேடம் கண் மருத்துவரிடம் போயிருந்தார். சூப்பர்வைசர் சொன்ன நேரத்துக்கு வந்தார், வாசலில் செருப்பை ஜோடி சேர்த்து விட்டார். காபி வரவழைத்தேன். எங்கள் முறையை விளக்கினேன். வைரஸ் கதை, சீட்டு, விதி, பீரோ எல்லாவற்றையும் விளக்கினேன். அவ்வளவு கவனமாக என் பேச்சைக் கேட்ட மனிதரை அதற்கு முன் நான் கண்டதில்லை. என் அம்மாகூடப் பாதியில் எழுந்து போய்விடுவார். “இங்க வேலை செய்யறவங்களும் எழுதுவாங்களா சார்?” என்று கேட்டார். “ஏன் எழுதாம? இருக்கறதுலயே பிரமாதமான சீட்டு அதுதான்” என்று இழுப்பறையைத் திறந்து, முப்பத்தோராவதை உருவி அவர் கையில் கொடுத்தேன்.

அவர் வெகுநேரம் படித்தார். ஒரு வாக்கியத்துக்கு அவ்வளவு நேரம் எதற்கு என்று தோன்றவில்லை. ஆழ்ந்து ரசிக்கிறார் என்று நினைத்தேன். “நல்லா எழுதியிருக்காங்க சார்” என்றார். சீட்டை அவரே அதன் இடத்தில் செருகி, மற்றச் சீட்டுகளோடு விளிம்பு பொருந்தும்படி விரலால் தட்டிச் சமன் செய்தார். பிறகு தன் சீட்டை முத்து முத்தான கையெழுத்தில் எழுதினார். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தார். கும்பிட்டுவிட்டுப் படியிறங்கினார்.

கால்மணி நேரம் அந்தச் சீட்டைப் பார்த்துப் பூரித்துக்கொண்டிருந்தேன். பின்கோடு எழுத மறந்திருந்தார். குறையுள்ள சீட்டு பீரோவுக்குள் போகக் கூடாதே! அவருடைய முகவரி நகருக்கு வெளியே உள்ள அந்த அடுக்குமாடிக் குடியிருப்பு. அக்காவும் அங்கேதானே இருந்தார், அவர் பின்கோடு பதிவேட்டில் இருக்குமே என்று அலுவலர் முகவரிப் பக்கத்தைத் திருப்பினேன். பின்கோடு இருந்தது. அதற்கு மேலே பிளாக் எண் இருந்தது. அதற்கும் மேலே கதவு எண். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரே கதவு.

அந்த நிமிடத்தில் ஒரு மனிதன் செய்யக்கூடிய முதல் காரியம் எதுவாக இருக்கும்? நான் பீரோவைப் பூட்டினேன். பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்ட பிறகுதான் ஓட வேண்டும் என்று தோன்றியது. படியிறங்கிக்கொண்டே அக்காவுக்குப் போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. தட்டச்சு செய்யும்போது அக்கா போனைத் தொட மாட்டார். மேடத்துக்குப் போட்டு, “போலீஸைக் கூப்பிடுங்க, ஆதம்பாக்கத்துக்கு” என்று கத்தினேன். மேடம் ஏன் என்று கேட்கவில்லை. மந்தைவெளி, அடையாறு பாலம், வேளச்சேரி சாலை. எல்லா சிக்னலிலும் சிவப்பு, எல்லாவற்றையும் தாண்டினேன். யாரோ ஒரு ஆட்டோக்காரர், “இன்னாடா, வூட்ல சொல்ட்டு வந்தியா?” என்று கத்தியது மட்டும் நினைவிருக்கிறது.

மாடிப்படி வெளிப்பக்கமாக ஏறும். பாதிப் படியிலேயே அந்த மெல்லிய குரல் கேட்டது. கோபமே இல்லாத குரல். “வீட்டுக்குள் நடப்பதைத் தாக்குதல் என்று ஸ்டேஷனில் எழுத மாட்டான்... அழகா எழுதியிருக்கே. இந்தக் கைதானே?” என்றது. தொடர்ந்து ஒரு கதவு அறைந்து சாத்தப்படுகிற சத்தம். அந்தச் சத்தத்தோடு அக்காவின் குரலும் வந்தது. அது அக்காவின் குரல் என்று எனக்கு முதலில் தெரியவில்லை.

உள்ளே ஓடினேன். தரையெங்கும் விசைப்பலகையின் எழுத்துகள் பெயர்ந்து சிதறிக் கிடந்தன. காலடியில் ஏதோ ஒரு ‘க’ நொறுங்கியது. அக்காவின் வலதுகையைக் கதவுச் சட்டத்தில் வைத்துப் பிடித்துக்கொண்டு, அவன் கதவை மறுபடி திறந்துகொண்டிருந்தான், இன்னொரு தடவை சாத்த. அக்காவின் முகத்தில் ஒரு பக்கம் முழுக்க ரத்தம். அவன் என்னைப் பார்த்ததும், “வாங்க சார்” என்றான். வாய் தவறியல்ல. அவனுக்கு அது பழக்கம்.

குத்துச்சண்டை மாஸ்டர் சொல்லிக்கொடுத்ததை நினைவுபடுத்திக்கொண்டு அவன் விலாவைப் பார்த்து முழு பலத்தோடு குத்தினேன். அவன் விலகினான். சுவர் விலகவில்லை. என் கைமுட்டியில் இரண்டு எலும்புகள் அன்றிலிருந்து ஒன்றாகிவிட்டன. அடுத்து என்ன நடந்தது என்று எனக்கு வரிசையாகச் சொல்லத் தெரியாது. அவன் என் தலைமயிரைப் பிடித்து மேசை விளிம்பில் மோதினான்; பல் ஒன்று கழன்று நாக்கின் மேல் உட்கார்ந்தது; தரையில் விழுந்தேன்; வயிற்றில் உதைத்தான், அளந்து, ஒரே இடத்தில், புடவை மடிப்பதைப் போல. நான் உருப்படியாக ஒன்று செய்தேன் என்றால் அது இதுதான்: என்னை அடிப்பதற்கு அவனுக்கு இரண்டு கையும் தேவைப்பட்டன. அக்காவின் கையை விட்டுவிட்டான்.

அக்கா ஓடவில்லை. மேசைக்கு அடியிலிருந்து அந்த யு.பி.எஸ். பெட்டியை இடதுகையாலும் முழங்காலாலும் இழுத்து, மணிபிளான்ட்டோடு சேர்த்துத் தூக்கி, அவன் பாதத்தின் மேல் போட்டார். ஈயமும் இரும்புமாக ஒரு சிறுபிள்ளையின் எடை இருக்கும். அன்றுதான் அவன் குரலை உரக்கக் கேட்டேன். அவன் குனிந்தபோது அதே பெட்டியை மறுபடி தூக்கி முழங்காலில் போட்டார். மூன்றாவது முறை தூக்கி, குனிந்திருந்த அவன் தலைக்கு நேர் மேலே கொண்டுபோனார். அங்கேயே நின்றார். அவன் கீழேயிருந்து அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு அக்கா அதை மெதுவாகக் கட்டிலின் மேல் வைத்தார். சத்தம் கேட்டு வந்த கீழ்வீட்டுப் பெண்கள் மூன்று பேர் எதையும் விசாரிக்கவில்லை. அவன் முதுகில் ஒருவர், இடுப்பில் ஒருவர், காலில் ஒருவர் என்று உட்கார்ந்துகொண்டு போலீஸ் வரும்வரை எழுந்திருக்கவில்லை.

ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அக்கா வலதுகையைத் துண்டில் சுற்றி மடியில் வைத்திருந்தார். மோதிரவிரலும் சுண்டுவிரலும் எந்தப் பக்கம் பார்ப்பதென்று தெரியாமல் இருந்தன. என் வாயிலிருந்து சட்டையில் ரத்தம் வழிந்துகொண்டிருந்தது. “நீ இன்னாத்துக்கு நைனா வந்தே? எனக்கு ஒரு ஆளு பத்தாதா, உன்ன வேற தூக்கினு போவணும்” என்றார். நான் சிரித்தேன். சிரித்ததில் பல் வெளியே விழுந்தது. அக்காவும் சிரித்தார், சிரிப்பு பாதியில் வேறு ஏதோவாக மாறி, கிண்டி வரும்வரை நிற்கவில்லை.

ஸ்டேஷனில் எழுதுகிறவர் முதலில் குடும்பத் தகராறு என்றுதான் எழுதினார். மேடம் கண்ணில் சொட்டு மருந்து போட்டிருந்ததால் எதிரே இருந்த எதுவும் சரியாகத் தெரியாமல், அவர் இருக்கும் திசையைப் பார்த்து, “நீங்க தாக்குதல்னு எழுதற வரைக்கும் நான் ஆத்துக்குப் போறதா இல்லை. எனக்கு ஆத்துல காத்துண்டிருக்கறவா யாருமில்லை” என்று பெஞ்சில் உட்கார்ந்தார். நாலரை மணி நேரம். எழுதினார்கள். “அவனுக்கு உன் அட்ரஸ் எப்படிம்மா கிடைச்சுது?” என்று அதே ஆள் அக்காவிடம் கேட்டார். அப்போது நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். வாயில் பஞ்சு. பஞ்சு ஒரு நல்ல சாக்கு. அக்கா என் பக்கம் திரும்பவில்லை. “தெரியாது சார்” என்றார்.

என் உடம்பில் அப்போது ஓடிய நிம்மதியைப் பற்றி எழுதத்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறேன். அந்தப் பெண்ணின் இரண்டு விரல்கள் போயிருந்தன, விரலை வைத்துத்தான் அவர் பிழைத்தார். நான் ‘தப்பித்தோம்’ என்று நினைத்தேன். மேடத்திடம் மட்டும் அன்றே சொல்லிவிட்டேன், அவன் எழுதிவிட்டுப் போன சீட்டு காட்டிக்கொடுத்துவிடும் என்ற பயத்தில். அவர் என்னை வேலையைவிட்டு அனுப்பவில்லை. மறுநாள் காலை ஒரு கத்தரிக்கோலைக் கொடுத்தார். பீரோவில் இருந்த அத்தனை சீட்டிலும் கீழ்ப்பகுதியை, பெயரும் முகவரியும் இருந்த அந்த இரண்டு வரிகளை, நான் ஒருவனே வெட்ட வேண்டும். பதினோரு நாள் ஆயிற்று. கட்டுப்போட்ட கையால் வெட்டினேன். வெட்டிய துண்டுகளை வாளியில் தண்ணீர் ஊற்றி ஊறவைத்துக் கூழாக்கச் சொன்னார். “விதி என்னோடது. இந்த வாளியில இருக்கற பாவத்துல பாதி எனக்கும்தான்” என்றார்.

அவன் உள்ளே போனான். அக்காவுக்கு விவாகரத்து கிடைத்தது. அகராதி மெலிந்த புத்தகமாக வெளிவந்தது. ‘தாக்குதல்’ ஒன்றரைப் பக்கம். நான் நகைச்சுவைக் கட்டுரைகள் எழுதுகிறவனாகிவிட்டேன். நாய் கடித்தது, மூக்கு திரும்பியது எல்லாவற்றையும் எழுதினேன், ஊர் சிரித்தது. இந்த ஒன்றை மட்டும் எழுதவில்லை. அக்கா இப்போது மந்தைவெளி ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஜெராக்ஸும் தட்டச்சும் செய்கிற ஒரு சின்னக் கடை வைத்திருக்கிறார். எட்டு விரல். பழைய மழை இல்லை; ஆனால் பக்கத்துக் கடைக்காரர் சொல்கிறார், அந்த வட்டாரத்தில் அவரைவிட வேகம் யாருமில்லையாம். அந்தக் கடையை நான் பலமுறை கடந்துபோயிருக்கிறேன். கையாட்டுவேன். “இன்னா நைனா, நல்லாக்கீறியா?” என்பார். ஏதாவது ஜோக் சொல்லிவிட்டு நழுவுவேன். ஜோக் எனக்கு எப்போதும் தயாராக இருக்கும். அது என் தற்காப்பு என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். அந்தக் காலத்தில் பஸ் படியைப் பற்றி நான் சொன்னதெல்லாம் தற்காப்பு இல்லையே என்று சமீபத்தில்தான் உறைத்தது.

போன வாரம் ஒரு பிற்பகல் நேராகக் கடைக்குள் போய், இருந்த ஒரே நாற்காலியில் உட்கார்ந்தேன். அக்கா யாருடைய வாடகை ஒப்பந்தத்தையோ அடித்துக்கொண்டிருந்தார். ஜோக் எதுவும் சொல்லவில்லை. வியாழக்கிழமை, காபி, இழுப்பறை, நானே உருவிக் கொடுத்தது, பெருமைப்பட்டது, ஸ்டேஷனில் பஞ்சை வாயில் வைத்துக்கொண்டு நின்றது எல்லாவற்றையும் முதலிலிருந்து கடைசிவரை சொன்னேன். அவருடைய விரல்கள் ஓர் இடத்திலும் நிற்கவில்லை. கடைசி வரியை அடித்து, அச்சுக்கு அனுப்பி, இயந்திரம் தாளைத் தள்ளும்வரை பார்த்திருந்துவிட்டு, வாசலில் நின்றுகொண்டிருந்த ஒரு பெரியவரைக் கையசைத்து உள்ளே அழைத்தபடி அக்கா சொன்னார்:

“தெரியும், எந்திரி, கஸ்டமர் குந்தணும்.”